கடலறிவு யாருடைமை?

புனே நகரின் சிவாஜிநகர்ப் பகுதியில் 'சிம்லா ஆபீஸ்' என்றோர் இடம் உண்டு. பேருந்தில் அவ்வழியே செல்லும்போது நடத்துநர் அப்பெயரைக் கூவக் கேட்டு, இந்நகருக்குப் புதிதாய் வந்த நம்மவர் பலரும் ஒரு கணம் திகைத்திருப்போம். இமயச் சாரலிலுள்ள சிம்லா இந்தத் தக்காண மேட்டுக்கு எப்போது வந்தது? விடை எளிது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து இங்கே பெயர்ந்தது. பெயர்ந்து வந்த அலுவலகம் பழைய ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுவந்தது. பின்னாளில் தலைமையகம் தில்லிக்குச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்த பின்னும் தஞ்சாவூரார், திருநெல்வேலியார் என்றே அழைக்கப்பெறும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

இந்த 'சிம்லா ஆபீஸ்' நம்மை நெடுநாளாகவே ஒரு கேள்விக்கு இழுத்துச் செல்கிறது. புனே கடல் இல்லாத ஊர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே அமைந்தது. எனினும் இந்தியக் கடல்களைப் பற்றிய கணக்குகள் இங்கேதான் நெடுங்காலமாகப் போடப்பட்டு வருகின்றன. பருவமழை கடலில் பிறப்பது. ஆகவே மழையைக் கணிக்கப் புகுந்தவர்கள் கடலைக் கணிக்க வேண்டியவர்களாயினர். 1962-இல் இந்நகரில் தொடங்கப்பெற்று, இன்று பாஷாணில் விளங்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அரபிக்கடலின் வெப்பத்தையும் வங்கக்கடலின் நீரோட்டத்தையும் அன்றாடம் ஆராய்கிறது. கடலைக் காணாத ஊரில் கடலைப் பற்றிய அறிவு குவிந்திருக்கிறது. கடலையே கண்டு வாழ்பவனோ அந்த அறிவுக்கு நெடுந்தொலைவில், நாகப்பட்டினத்திலும் தூத்தூரிலும், இரத்தினகிரியிலும் இருக்கிறான். இவ்வறிவு யாருடைமை? தேடிக் கண்டவனுடையதா? பொருளுதவிய அரசினுடையதா? அன்றிக் கடலோடு வாழ்பவனுடையதா?

இக்கேள்வி அறிவியலார் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாகச் சிக்கல் அன்று. இஃது அறம் பற்றிய கேள்வி. அவ்வாறே நாம் இதனை ஆராய்வோம்.

பலர் அளந்த கடல்

தமிழகத்தில் நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று நடுங்கிப் பேசிய கொடும்பஞ்சம் 1876-இல் தொடங்கியது. இந்திய வானிலைத் துறை அதற்கு முந்தைய ஆண்டான 1875-இல்தான் தோன்றியிருந்தது. பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலாதா என்ற கேள்வி அப்பஞ்சத்துக்குப் பின்னரே அத்துறையின் முன் வைக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மடிந்த பின் எழுந்த கேள்வி அது. 1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர் அதற்கு விடை தேடப் புகுந்தார். (சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனின் கணிதக் குறிப்புகளை 1913-இல் கண்டு, அவருக்குப் பல்கலைக்கழக உதவி கிடைக்கப் பரிந்துரைத்தவரும் இவரே என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூரலாம்.)

வாக்கர் என்ன செய்தார்? இந்திய மழையை அறிய இந்தியாவை மட்டும் பார்த்தல் போதாது என்று கண்டார். உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, ஒன்றையொன்று ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குவதும், அங்கே இறங்கும்போது இங்கே ஏறுவதுமான ஒரு மாபெரும் ஊஞ்சலாட்டத்தை அவர் அக்கணக்கில் கண்டார். 1924-இல் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். இன்று எல் நினோ என்று செய்தித்தாள்கள் எழுதுவதன் ஒரு பாதி அந்த அலைவே.

இக்கண்டுபிடிப்பில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. வாக்கர் பயன்படுத்திய எண்கள் அவர் அளந்தவை அல்ல. எங்கோ ஒரு தீவில் அஞ்சல் அலுவலர் ஒருவரோ, ஏதோ ஒரு துறைமுகத்தில் எழுத்தர் ஒருவரோ, நாள்தோறும் அழுத்தமானியைப் பார்த்துக் குறித்து வைத்தவை. அவர்களுள் ஒருவரேனும் 'இது என் ஏடு, பிறர்க்குக் காட்டேன்' என்று பெட்டியில் பூட்டியிருந்தால், அந்த ஊஞ்சலின் ஒரு பக்கம் கண்ணுக்கே தெரிந்திராது. கடல் ஒன்று, அதனை ஒருவரே அளத்தல் இயலாது. ஆகவே கடலைப் பற்றிய அறிவு தன் பிறப்பிலேயே பொதுவானது.

இன்றும் இதே முறைதான் தொடர்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், பல நாடுகள் சேர்ந்து 'ஆர்கோ' எனப்படும் தானியங்கி மிதவைகளைக் கடல்களில் விட்டு வருகின்றன. உலகெங்கும் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, ஏறி வரும் வழியில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகிறது. எந்த நாட்டு மிதவையாயினும், அதன் அளவுகள் எல்லார்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. இந்தியாவும் மிதவைகளை விட்டுள்ளது. புனேயில் மழை கணிப்பவர்கள் இந்த எண்களையும் கொண்டே கணிக்கிறார்கள். ஒப்புரவுக்கு ஊருணியை உவமை காட்டினார் வள்ளுவர். ஊர் உண்ணும் நீர்நிலைக்குப் பூட்டு இல்லை, இதுவும் அத்தகையதே.

அறிந்தும் சொல்லாமை

ஆனால் பூட்டு இல்லாமல் வைத்துவிட்டால் கடமை முடிந்ததா? இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. உலகெங்குமுள்ள நிலநடுக்கக் கருவிகள் சில நிமிடங்களில் அதனைக் குறித்துவிட்டன. பசிபிக் கடலுக்கென 1949 முதல் இயங்கி வந்த ஹவாய் எச்சரிக்கை மையமும் அறிந்தது. பேரலை தமிழகக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் என்பது ஒரு கிராமம் முழுவதும் நடந்தே மேட்டுநிலம் சேரப் போதுமான காலம். எனினும் தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாகை மாவட்டத்தினர். அறிவு இருந்தது, கருவி இருந்தது, காலமும் இருந்தது. சொல்வதற்கு வழியும், சொல்லக் கடமைப்பட்டவரும்தாம் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது.

அதே காலை வேளையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நிகழ்ந்ததை நாம் நம் மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். நம்மைப்போல் பிழைப்பு நாடி வெளியூர் சென்றவர். பேரலைச் செய்தி அங்கே தெரியவந்ததும் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக அந்நேரமே வீட்டார் கூறினர். 'உடனே ஓடுங்கள், ஊராரையும் ஓடச் சொல்லுங்கள்' என்றார் அவர். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது; அதில் ஒலிபெருக்கி இருந்தது. பூட்டியிருந்த மையத்தை ஊரார் உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஓர் உயிரும் போகவில்லை.

அந்த ஒலிபெருக்கி ஒரு நாளில் வந்ததன்று. 1998 முதல் புதுவைப் பகுதிக் கிராமங்களில் அந்நிறுவனம் தகவல் மையங்களை நிறுவி வந்தது. வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில், அமெரிக்கக் கடற்படை உலகுக்கெல்லாம் பொதுவாக வெளியிட்டு வந்த அலை உயர முன்னறிவிப்பைக் கணிப்பொறி வழியே பெற்று, தமிழில் ஒலிபெருக்கி மூலம் கடலுக்குச் செல்பவர்களுக்கு அறிவித்தார்கள். அயல்நாட்டுக் கடற்படையின் எண் ஒன்று கட்டுமரக்காரனின் காதில் தமிழாக விழுந்தது. அதனால்தான் ஒலிபெருக்கியில் வரும் சொல் நம்பத்தக்கது என்ற பழக்கம் அம்மக்களிடம் வேரூன்றியது. நெருக்கடி நாளில் ஒரு குரலை மக்கள் நம்ப வேண்டுமெனில், அமைதி நாள்களில் அக்குரல் அவர்களுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும்.

பொறுப்பின்றிச் சொல்வதும் தீங்கே. பேரலை வந்த நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மற்றொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய அரசு எச்சரித்தது. அயல்நாட்டுத் தனியார் கணிப்பொன்றை நம்பி விடுத்த எச்சரிக்கை அது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினர். அலை வரவில்லை. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மக்களின் நம்பிக்கையை அவ்வாறு திரும்பப் பெறுதல் எளிதோ? ஆகவே சொல்லும் கடமை என்பது ஆராய்ந்து சொல்லும் கடமையே ஆகும். 2007-இல் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டதை, இவ்விரு பிழைகளிலிருந்தும் கற்ற பாடம் எனலாம்.

சொல்லியும் சேராமை

பின்னர் 2017 வந்தது. நவம்பர் இறுதியில் குமரிமுனைக்குத் தெற்கே உருவான தாழ்வு ஒரே நாளில் 'ஒக்கி' என்னும் புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் வீரர்கள். புயலுக்குப் பல நாள் முன்னரே கடலுக்குச் சென்றவர்கள் அவர்களுள் பலர். கரையில் எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கைப்பேசியின் குரல் எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தனர். தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை.

இப்போது 'சொல்லவில்லை' என்று குற்றம் சாட்ட இயலாது, சொன்னார்கள். ஆனால் சொல் சென்று சேரவில்லை. அறிவித்தவர், 'நாங்கள் வெளியிட்டுவிட்டோம்' என்கிறார். கணவனை இழந்தவள், 'எங்களுக்கு யார் சொன்னார்?' என்கிறாள். இருவர் கூற்றும் உண்மை. வெளியிடுதல் வேறு, சேர்த்தல் வேறு என்பதை இவ்விரு உண்மைகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன. அதன் பின்னர்ச் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடல் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவி உருவாக்கப்பட்டு, 2019-இல் அறிமுகமாயிற்று. நல்லதே. ஆயினும் அரபிக்கடல் விரைந்து வெப்பமேறி வருவதையும், அதில் புயல்கள் மிகுந்து வருவதையும் ஆய்ந்து காட்டியோர் இதே புனே நகரத்து ஆய்வாளர்கள். அவர்களுடைய கட்டுரைக்கும் அந்தப் படகுக்கும் இடையிலுள்ள தொலைவு கிலோமீட்டரில் அளக்கத்தக்கதன்று. அது மொழியாலும் நம்பிக்கையாலும் அளக்க வேண்டிய தொலைவு.

கேட்டறிதல்

இதுவரை நாம் அறிவு ஆய்வகத்திலிருந்து கரைக்குச் செல்வதையே பேசினோம். கரையிலிருந்து ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டிய அறிவு இல்லையா?

உண்டு, நிறைய உண்டு. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்து, அதன் குணமறிந்து, நீரின் நிறம் மாறுவதைக் கொண்டு மீன் வரவைச் சொல்லும் மரபு நெய்தல் நிலத்தினுடையது. 2004 பேரலையின்போது அந்தமானின் ஓங்கே பழங்குடியினர், கடலின் போக்கு மாறியதைக் கண்டு மேட்டுநிலம் ஏறி உயிர் தப்பினர் என்பதை உலகமே வியந்து பேசிற்று. அவர்களிடம் மையமும் இல்லை, மிதவையும் இல்லை; முன்னோர் சொல் இருந்தது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. கடலடியில் பாறைத்திட்டு உள்ள இடத்தை நம் மீனவர் 'பார்' என்பர். மீன் கூடும் இடம் அது. கரையிலுள்ள மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துப் பார்த்து, அந்த இடத்தைத் தந்தை மகனுக்குக் காட்டுவான், அடுத்தவனுக்குச் சொல்லமாட்டான். அறிவு பொதுவாக வேண்டும் என்று முழங்கும் நாம், இம்மீனவனைத் தன்னலக்காரன் என்போமா? ஆய்வாளர் ஒருவர் அவனிடம் அன்பாய்ப் பேசி அந்தப் பார்களின் இடத்தை அறிந்து, வரைபடமாக்கி உலகுக்கு வெளியிட்டால் என்னாகும்? மறுநாள் விசைப்படகுகள் இழுவலையோடு அங்கே நிற்கும். தலைமுறை தலைமுறையாய்க் காத்த பார் ஒரு பருவத்தில் அழியும். பொது நன்மைக்கென்று திறந்த கதவு வழியே வலியவன் மட்டும் நுழைவதாயின், அத்திறப்பு அறமாகாது.

ஐதராபாத் மையம் செயற்கைக்கோள் கண்ட கடல் வெப்பத்தையும் பாசியின் அளவையும் கொண்டு, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை வட்டார மொழிகளில் விலையின்றி அறிவிக்கிறது. வீணாகச் செலவாகும் எரிபொருள் மிச்சமாகிறது, இது பெரும்பயன். ஆனால் அறிவிப்பு ஒன்றே எனினும், பெரிய எந்திரமுள்ளவன் அவ்விடத்தை முதலில் அடைகிறான். இதனை அறிந்தே, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அத்தகவலை வெளியிடாமல் நிறுத்தி வைக்கிறார்கள். மீன் இனம் பெருகும் காலத்தில் வாய் திறவாமையும் ஓர் அறமே. எப்போது சொல்வது, எப்போது சொல்லாமலிருப்பது என்பதை மீனவரையும் உடனிருத்தி முடிவு செய்தால், அந்த முடிவை அவரே காப்பார். அவரைக் கேளாமல் செய்த முடிவைக் காக்கக் காவலர் வேண்டும்.

ஆகவே 'எல்லாவற்றையும் திற' என்பது நம் கொள்கையன்று. பொதுப்பணத்தில், பொதுக் கருவியால், பொதுக் கடலை அளந்து பெற்ற அறிவு எல்லார்க்கும் உரியது. ஒருவர் நம்பிச் சொன்ன அறிவு, சொன்னவர் இசைந்த அளவுக்கே பிறர்க்கு உரியது. முன்னதைப் பூட்டி வைப்பது களவு. பின்னதை அவிழ்த்து விடுவதும் களவே.

பொதுக் கடலில் சோதனை

கடலை அளப்பது ஒன்று. கடலை மாற்றிப் பார்ப்பது மற்றொன்று. 2009-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மானிய ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, 'லோஹாஃபெக்ஸ்' என்னும் சோதனையைத் தென்கடலில் நடத்தின. 'லோஹா' என்பது நம் நாட்டு மொழியில் இரும்பு. கடல்நீரில் இரும்புச் சத்தைக் கரைத்தால் நுண்பாசிகள் பெருகும். அவை காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு, மடிந்து, அடியில் அமிழும். உலக வெப்பம் தணியக்கூடும். இது மெய்யா எனச் சோதிப்பதே நோக்கம்.

கப்பல் ஜனவரியில் கேப்டவுனிலிருந்து புறப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. யாரைக் கேட்டு எல்லார்க்கும் பொதுவான கடலில் இரும்பைக் கரைக்கிறீர்கள் என்று சூழல் அமைப்புகள் கேட்டன. ஜெர்மானிய அரசு சோதனையை நிறுத்தி வைத்து, நடுநிலையாளர்களின் கருத்தைப் பெற்ற பின்னரே இசைவு தந்தது. சோதனை ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் நடந்தது. பாசி முதலில் பெருகியது; பின்னர்த் துடுப்புக்காலிகள் எனப்படும் சிற்றுயிர்கள் அதனைத் தின்று தீர்த்தன. அடியில் அமிழ்ந்த கரி மிகச் சிறிதே. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்பதை ஆய்வாளர்கள் அவ்வாண்டே வெளிப்படையாக அறிவித்தனர்.

இந்நிகழ்ச்சியில் இரு தரப்பாரிடமும் நாம் கற்கத்தக்கன உண்டு. கப்பல் புறப்படுமுன் மக்களிடம் பேசியிருந்தால், நடுக்கடலில் காத்துக் கிடக்க நேர்ந்திராது. எதிர்த்தோர் சோதனையே கூடாதென்று முற்றாகத் தடுத்திருந்தால், இரும்பைக் கொட்டிக் காசாக்க நினைத்த வணிகர்களின் கனவு பொய்யென்பது அத்துணை தெளிவாய் வெளிப்பட்டிராது. தோல்வியை மறைக்காமல் சொன்னதே இச்சோதனையின் பெரும் வெற்றி என்பது நம் கருத்து. வெற்றியை வெளியிட எவரும் முந்துவர். பொய்த்துப்போன கணிப்பை வெளியிடுவோரே பொதுமக்களின் நம்பிக்கைக்கு உரியவர்.

இதே அளவுகோலை நாளைய முயற்சிகளுக்கும் நாம் வைக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் 75,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் அடியிலுள்ள கனிமக் கணுக்களை ஆராய, 2002-இல் நம் நாடு உலகக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே எவ்வளவு மாங்கனீசு உண்டு என்னும் கணக்கை எடுப்பதோடு, எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன என்னும் கணக்கும் எடுக்கப்பட வேண்டும். தோண்டிய பின்னர் அன்று, தோண்டுவதற்கு முன்னரே எல்லாரும் காணுமாறு வைக்கப்பட வேண்டும்.

பூட்டிய ஏடுகள்

இனி, நம் பிள்ளைகள் பலர் பழகும் உலகுக்கு வருவோம். இந்நகரின் ஆய்வகங்களிலும் கல்லூரிகளிலும் பயிலும் அவர்களுக்குத் தெரியும்: ஆராய்ச்சிக் கட்டுரை அயல்நாட்டு இதழில் வெளிவருகிறது, ஆய்வுக்குப் பொருள் தந்தது நம் வரிப்பணம், அக்கட்டுரையைப் படிக்க மீண்டும் சந்தா கட்ட வேண்டும். தன் வீட்டு நெல்லைத் தானே விலைக்கு வாங்குவது போன்றது இது. 2014-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தம் பொருளுதவியால் எழுந்த கட்டுரைகள் பொதுவில் வைக்கப்பட வேண்டுமென்று கொள்கை வகுத்தன. 2024 நவம்பரில், 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; ஏறத்தாழ 13,000 இதழ்கள்; அரசுசார் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் 6,300. சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் பெருநகர ஆய்வகத்தின் நூலகம் திறக்கிறது என்பதால் இதனை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் கல்லூரி வாயிலோடு அத்திறப்பு நின்றுவிடுகிறது. பள்ளி ஆசிரியர், மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலர், சிற்றூர்ச் செய்தியாளர் ஆகியோர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு வாயில் திறந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கிலம். அதுவும் ஆங்கிலம் அறிந்தார்க்கும் எளிதில் விளங்காத ஆங்கிலம். முதற்பூட்டைப் பணம் திறக்கும். இரண்டாம் பூட்டைத் திறக்க மொழியறிந்த மக்கள் வேண்டும்.

அம்மக்கள் யார்? நாம்தாம் என்று சொல்லத் துணிகிறோம். ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் தொடங்கி, இன்று நகரெங்கும் பரவி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆய்வாளர் உண்டு, பொறியாளர் உண்டு, கணிப்பொறி வல்லார் உண்டு. ஆங்கிலமும் மராத்தியும் தமிழும் ஒரே நாளில் பேசுபவர்கள் நாம். ஆய்வகத்தின் பேச்சும் நமக்குப் புரியும். அத்தை வீட்டுத் திண்ணைப் பேச்சும் நமக்குப் புரியும். ஆய்வு செய்யும் நம் பிள்ளை தன் கட்டுரை வெளியானதும், அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதிக் கடற்கரைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பலாகாதா? அதனை மராத்தியில் எழுதி இரத்தினகிரிக் கோலி மக்களுக்குத் தர, அண்டை வீட்டு நண்பர் துணைபுரிய மாட்டாரா? நம் சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, நம்மிடையே உள்ள ஆய்வாளர் ஒருவர் தமிழில் பேசவும், அவையோர் அவரைக் கேள்வி கேட்கவும் ஒதுக்கலாகாதா? கேள்வி கேட்கப்படாத அறிவு, தன்னை யாருக்குப் பயன்படுத்துவது என்பதை மறந்துவிடும்.

இது பெரிய தொண்டு என்று நாம் பாராட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் தொலைபேசியை எடுத்தபோது, கடலறிவைப் பரப்புவதாக எண்ணியிருக்க மாட்டார். தாம் அறிந்த ஒன்றைத் தம் வீட்டார் இன்னும் அறியவில்லையே என்ற தவிப்பு ஒன்றே அவரைப் பேச வைத்தது. அத்தவிப்பே இவ்வறத்தின் வித்து என்பது நம் முடிவு. அறிந்தவுடன், 'இதனை இன்னும் அறியாதவர் யார்? அறியாமையால் அவருக்கு என்ன நேரும்?' என்னும் கேள்வி நெஞ்சில் எழுமாயின், திறப்பதா பூட்டுவதா என்ற வழக்கில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும்.

ஜூன் மாதத்து முதல் மழை புனேயில் பெய்யும்போது, நாம் சன்னலைத் திறந்து நின்று மகிழ்கிறோம். அது அரபிக்கடலிலிருந்து மலையேறி வந்த நீர். கடல் தன்னிடமுள்ளதை இந்த மேட்டுநிலம் வரை ஆண்டுதோறும் அனுப்புகிறது. அக்கடலைப் பற்றி இந்த மேட்டுநிலத்தில் நாம் திரட்டிய அறிவு, திரும்ப அக்கரைக்கு இறங்கிச் செல்ல வேண்டாமா?